தாராவியின் இரும்பு மாடிகள்

தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையை விட்டு ஏதேனும் ஒரு சந்துக்குள் புகுவோமானால், கீழே செங்கல் சுவரெடுத்த ஓர் அறையும், அதன்மேல் இரும்புச் சட்டத்தில் நிற்கும் மற்றோர் அறையுமாக வீடுகள் இருமருங்கும் நெருங்கி நிற்கக் காண்போம். மேலறைக்கு ஏறத் தெருப்புறத்திலேயே செங்குத்தான இரும்பு ஏணி. பக்கங்களை மூடுவது தகரம். அங்குள்ள நம்மவர் வழக்கில் அது பத்ரா. மகனுக்கு மணமான ஆண்டில் எழுந்த மாடி உண்டு. ஊரிலிருந்து வந்த உறவினர் தங்க எழுந்ததும் உண்டு. வாடகை கருதி எழுந்ததும் உண்டு.

இவற்றை வறுமையின் அடையாளம் என்று எண்ணிக் கடந்து போகிறவர்களே மிகுதி. ஆனால், இன்று பல நாடுகளிலும் எஃகுச் சட்ட வீடு என்று சிறப்பித்துப் பேசப்படுகிறதே, அதன் இலக்கணம் இம்மாடியிலும் இருக்கிறது. சுமையைத் தாங்குவது சட்டம். சுவர் வெறும் திரை. உறுப்புகள் பட்டறையில் அளவாக அறுக்கப்பட்டு வந்து, மனையில் சில நாட்களுக்குள் பூட்டப்படுகின்றன.

மும்பைக்கு இம்முறை புதிதும் அன்று. காலாகோடாவில் எஸ்பிளனேடு மேன்ஷன் என்னும் பழங்கட்டடத்தை நேயர்களிற் பலர் பார்த்திருக்கலாம். 1860-களின் இறுதியில் வாட்சன் ஓட்டலாக எழுந்த அதன் வார்ப்பிரும்புத் தூண்களும் உத்தரங்களும் இங்கிலாந்தில் வார்க்கப்பட்டுக் கப்பலேறி வந்து இங்கே பூட்டப்பட்டவை. லூமியேர் சகோதரர்களின் சலனப்படம் 1896 ஜூலை 7-ஆம் நாள் நம் நாட்டில் முதன்முதலாகக் காட்டப்பட்டதும் அங்கேதான். பிற்காலத்தில் பராமரிப்புக் குறைந்து நலிவுற்று, 2005-ல் முகப்பின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது.

நம் காலத்து முயற்சிக்கு வருவோம். மத்திய அரசின் 'லைட் ஹவுஸ்' திட்டத்தில் ஆறு நகரங்களில் புதுமுறைக் குடியிருப்புகளுக்கு 2021 ஜனவரி 1-ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. சென்னைப் பெரும்பாக்கத்தின் 1152 வீடுகளுக்கு முன்வார்ப்புக் கான்கிரீட்டைத் தேர்ந்தார்கள். திரிபுராவின் அகர்தலாவில் 1000 வீடுகளுக்கு மெல்லிய எஃகுத் தகட்டை மடித்துச் செய்த சட்டங்களைத் தேர்ந்தார்கள். காரணம் எளிது. அகர்தலா நில நடுக்க அபாயம் மிகுந்த வட்டாரம். கட்டடத்தின் எடை குறையக் குறைய, நடுக்கம் அதன்மேல் செலுத்தும் விசையும் குறையும். தாராவியோ, மாகிம் கழியை ஒட்டிய சதுப்பைத் தூர்த்து உண்டான நிலம். அத்தகைய மண்மேல், ஒற்றைச் செங்கல் சுவரின் தலையில் எழுகின்ற மாடிக்கு எடைக்குறைவைவிட வேறென்ன தகுதி வேண்டும்?

சூழலைக் கெடுக்காத வீடு என்று எஃகு வீட்டை விளம்பரம் செய்கிறார்கள். இதைச் சற்று நிதானித்தே ஏற்கவேண்டும். புதிதாக ஒரு டன் எஃகு செய்வதற்குள், உலகச் சராசரியில், ஏறக்குறைய 2 டன் கரியமில வாயு வெளியாகிறது. பழைய இரும்பை மின்னுலையில் உருக்கினால் இது பெரிதும் குறையும். உருக்காமலே, இருந்த உத்தரத்தை இருந்தபடி மறு வீட்டுக்குப் பூட்டினால் ஏறத்தாழ இல்லை என்றே சொல்லலாம். கழிபொருளைப் பிரித்துப் பயன்கொள்ளும் தொழிலில் பேர்பெற்ற தாராவிக்கு இதனை நான் விளக்க வேண்டுவதில்லை. ஆனால் உத்தரம் மறு வீட்டுக்குப் போகவேண்டுமானால் அது கழன்று வரவேண்டும். வெல்டிங் வைத்த சட்டத்தை வெட்டித்தான் பிரிக்க முடியும்; வெட்டினால் நீளம் குறையும். போல்ட்டும் நட்டும் இட்டுப் பூட்டிய சட்டத்தைத் திருகிக் கழற்றலாம். துளையிடுவதற்குக் கூலி சிறிது கூடும் என்று மேஸ்திரி சொல்வார், கொடுக்கத்தக்க கூலிதான்.

இதனை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தை 2022-ல் அதானி குழுமம் ஒப்பந்தப் போட்டியில் பெற்றது. திட்ட விதிகளின்படி, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே கீழ்த்தளத்தில் குடியிருப்போருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். மேல்தளத்தில் வாழ்வோருக்கோ, தாராவிக்கு வெளியே வாடகைக்கு வீடு. விரும்பினால் பணம் கட்டிப் பின்னர் உடைமையாக்கிக்கொள்ளலாம். பத்துப் படி கொண்ட ஓர் ஏணி, ஒரே கூரையின் கீழ் வாழும் அண்ணன் தம்பியரின் எதிர்காலத்தை இரண்டாக்கிவிடுகிறது. இவ்விதி முறையானதுதானா என்று மாடியில் இருப்பவர் கேட்பது இயல்பே, கேட்கவும் வேண்டும். எனினும் இன்றைய மாடியில் இன்று மனிதர் உறங்குகிறார்கள். பிரிக்கப்படப்போகும் மாடிக்குப் பணம் போடலாமா என்று வினவுவோருக்கு என் விடை இது: கழற்றி எடுத்துச் செல்லக்கூடியவற்றிலும், உயிரைக் காப்பவற்றிலும் போடுங்கள், டைல்ஸ் பதிப்பதை நிறுத்திவையுங்கள்.

உயிரைக் காப்பது எது என்று பார்ப்போம். முதற்பகை துரு. உப்புக் காற்றும் நான்கு மாத மழையும் உள்ள ஊரில் துரு தூணின் அடியிலேதான் தொடங்கும். சேறு படியும் இடமும் நீர் தேங்கும் இடமும் அதுவே. 2005 ஜூலை 26-ஆம் நாள் சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததை மறந்தவர் இரார். ஆகவே தூணின் அடித்தகடு தரைமட்டத்துக்கு ஒரு சாணாவது உயர்ந்த கான்கிரீட் மேடைமீது அமரவேண்டும். நாகமுலாம் பூசிய இரும்பு நெடுநாள் உழைக்கும். அதில் வெல்டிங் வைத்தால் அவ்விடத்து முலாம் எரிந்துபோகும். போல்ட் முறைக்கு இதுவும் ஒரு சாதகம்.

வெப்பத்தைப்பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. மே மாதத்தில் தகரத்தின் கீழ்ப் பகலுறக்கம் முயன்றவர் அறிவர். கூரைமேல் வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சும், கூரைக்குக் கீழே ஒரு சாண் காற்றிடைவெளி விட்டு ஓர் உட்கூரையும் இருந்தால் வேறுபாடு தெரியும்.

இரண்டாம் பகை மின்சாரம், இதுவே பெரும்பகை. செங்கல் சுவரில் கம்பியின் உறை தேய்ந்தால் அந்த இடத்தோடு அபாயம் பெரும்பாலும் நிற்கும். இரும்பு வீட்டில் தகரத்தின் விளிம்பு கம்பியின் உறையை அறுத்துவிட்டால், சட்டமும் சுவரும் ஏணியும் ஒருசேர மின்சாரம் ஏந்தி நிற்கும். மழையில் நனைந்த கையோடு ஒரு குழந்தை ஏணியைப் பற்றினால் போதும். ஃபியூஸ் இதைத் தடுக்காது. அது பல ஆம்பியர் பாய்ந்தால்தான் உருகும், மனிதவுயிரைப் போக்க அதில் சிறு பின்னமே போதும்.

'அறிவுள்ள வீடு' என்று இப்போது பேசுகிறார்களே, கைபேசியால் விளக்கை அணைப்பதும் கதவைப் பூட்டுவதும், அதில் எனக்கு விரோதம் இல்லை. பத்தடி அறையில் விளக்குப் பொத்தானுக்கு எழுந்து நடப்பது இரண்டே எட்டு. நமக்கு வேண்டிய அறிவுள்ள கருவி வேறு. மின்கசிவுத் துண்டிப்பான் என்பது அது, கடையில் ஆர்.சி.சி.பி. என்று கேட்டால் தருவார்கள். வீட்டுக்குள் புகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் அது இடையறாது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லியாம்பியர் வழிதவறினால், கண்ணிமைக்கும் நேரத்துக்குள் இணைப்பை அறுத்துவிடும். அந்த 30 என்ற எண்ணைப் பார்த்து வாங்குதல் வேண்டும். 100, 300 என்று குறித்தவை ஆளைக் காப்பதற்கு உரியன அல்ல. சட்டம் முழுவதையும் எர்த்துடன் இணைப்பதும் உடன் நடக்கவேண்டும். அப்போதுதான் யாரும் தொடுவதற்கு முன்பே கருவி விழித்துக்கொள்ளும். உரிமம் பெற்ற மின்பணியாளரே இதைச் செய்யவேண்டும்.

சமையல் வாயுக் கசிவை மணியடித்து அறிவிக்கும் கருவியும் நன்று. அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தாழவே செல்லும். எனவே கருவியைத் தரையை ஒட்டிய உயரத்தில் பொருத்தவேண்டும். மாடியில் அடுப்பு இருந்தால், கசிந்த வாயு பலகை இடுக்கு வழியே கீழ்வீட்டுக்கு இறங்கும். கீழ்வீட்டாரும் ஒன்று வைத்திருத்தல் நலம்.

மின்கசிவுத் துண்டிப்பானின் முகத்தில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை, வாடகை கொடுக்கும் நாளிலோ வாங்கும் நாளிலோ, அதை அழுத்திப் பாருங்கள். விளக்கு அணைந்தால் கருவி நலமாக இருக்கிறது. அணையாவிட்டால் அன்றே மாற்றிவிடுங்கள்.