பழைய லேண்ட்ரோவர்: சாயம் அப்புறம், பிரேக் முதலில்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கேமரன் மலைக்குப் போகும் நம்மவர்கள் பலர் தேயிலைத் தோட்டத்தில் படம் எடுத்துக்கொண்டு, ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டு தானா ராத்தாவோடு திரும்பி விடுகிறார்கள். பிரிஞ்சாங்கைத் தாண்டி வடக்கே கம்போங் ராஜா வரை போனால் வேறொரு காட்சி கிடைக்கும். கதவு இல்லாமல், விளக்குக் கண்ணாடி உடைந்து, முட்டைகோஸ் கூடைகளைச் சுமந்துகொண்டு சேற்றுப் பாதையில் ஏறி இறங்கும் பழைய லேண்ட்ரோவர்கள்தாம் அந்தக் காட்சி. சில வண்டிகளுக்கு என் அப்பாவின் வயது இருக்கும். அந்த வண்டிகளைப் பழுது பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொள்ளலாமா என்பதே எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு.

முதலில் கொஞ்சம் வரலாறு. வில்லியம் கேமரன் இந்த மலையை அளக்க வந்தது 1885இல். போ தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கியது. காட்டை அழித்துத் தேயிலை நட்டதிலும் கொழுந்து பறித்ததிலும் நம் தமிழர்களின் வியர்வை இருக்கிறது. லேண்ட்ரோவர் வந்தது அதற்குப் பிறகு. 1948 ஏப்ரல் 30ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது முதன்முதலாக வெளியிடப்பட்டது. போர் முடிந்த பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு. அதனால் உடலைப் பெரும்பாலும் அலுமினியக் கலவையில் செய்தார்கள், அடிச்சட்டமான சேசிஸை எஃகில் செய்தார்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய லேண்ட்ரோவர் ஆளை ஏமாற்றுவதற்கு இதுவே காரணம்.

நானும் ஏமாந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாபாரியிடம் சீரிஸ் 3 வகை, 88 அங்குல வண்டி ஒன்றை வாங்கினேன். 1971 முதல் 1985 வரை தயாரான வகை அது. பச்சைச் சாயம் பளபளவென்று இருந்தது. கம்போங் ராஜாவில் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து வளர்ந்த ஒரு மெக்கானிக் அண்ணனிடம் பெருமையோடு கொண்டு போய்க் காட்டினேன். அவர் சாயத்தைப் பார்க்கவே இல்லை. சிறிய சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார்.

"தம்பி, காது கொடுத்துக் கேளுங்க" என்றார். டங், டங் என்று கணீரென்ற ஓசை வந்தது. பின்பக்கம் வந்ததும் ஓசை 'தொப்' என்று மாறியது. அடுத்த தட்டில் சுத்தியலே உள்ளே போய்விட்டது. கைநிறையத் துருவை அள்ளிக் காட்டி, "இதுக்குத்தான் சாயம் அடிச்சிருக்காங்க" என்றார்.

அலுமினியம் எஃகைப்போல் துருப்பிடிப்பதில்லை. அதனால் மேலே வண்டி உயிரோடு இருப்பதுபோல் தெரியும். கீழே எஃகுச் சட்டம் பெட்டி வடிவம். சேறும் ஈரமும் உள்ளே தங்கி உள்ளிருந்தே அரிக்கும். எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் நீர் தேங்கினால் அலுமினியமும் வெள்ளைப் பொடியாக உதிரும். மழையும் பனிமூட்டமும் உள்ள மலையில் இதைச் சொல்லவே வேண்டாம்.

அந்த அண்ணன் வேலைக்கு ஒரு வரிசை வைத்திருந்தார். முதலில் சேசிஸ், அடுத்து பிரேக், அடுத்து ஸ்டீயரிங். பிறகு வயரிங், அதன் பிறகு என்ஜின், கடைசியில்தான் சாயம். நம் இளைஞர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெரிய டயர், கூரை விளக்கு, ஸ்டிக்கர் எல்லாம் முதலில் வந்துவிடும். பிரேக் குழாய் மட்டும் முப்பது வருடப் பழையதாகவே இருக்கும்.

பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறி அந்த ஈரம் கொதிக்கும். ஆவி உண்டாகும். மிதித்தால் கால் வெறுமனே கீழே போகும். பழைய வண்டிகள் பலவற்றில் பிரேக் ஒரே சுற்றுதான். ஒரு குழாய் ஒழுகினால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. ஆகவே எண்ணெயை மாற்றுங்கள், குழாய்களை மாற்றுங்கள், இறக்கத்தில் சிறிய கியரில் இறங்குங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. இந்த வண்டியின் கைபிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. பின் சக்கரங்களுக்குப் போகும் நடுத்தண்டைத்தான் பிடிக்கிறது. பின்னால் உள்ள அச்சுத்தண்டு உடைந்துவிட்டால் கைபிரேக் போட்டிருந்தும் வண்டி உருளும். அந்த அண்ணன் சரிவில் எங்கே நிறுத்தினாலும் முதலில் மரக்கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் வைப்பார். "அடியில படுக்கிறவனுக்கு வீட்டுல ஆள் காத்திருக்கு தம்பி" என்பார். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நுழையாதீர்கள்.

2009 அக்டோபரில் ஒரு கொள்கை அறிவிக்கப்பட்டது நினைவிருக்கலாம். 15 ஆண்டுக்கு மேற்பட்ட வாகனங்களுக்குச் சாலை வரி புதுப்பிக்குமுன் ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை என்றார்கள். மக்கள் எதிர்த்தார்கள். சில வாரங்களிலேயே அது மீட்டுக்கொள்ளப்பட்டது. ஏழைகளின் பழைய காரைக் காப்பாற்றிய முடிவு அது, சரிதான். ஆனால் கட்டாயம் இல்லை என்றால் பொறுப்பும் இல்லை என்று ஆகிவிடாது. பழைய வண்டியை விரும்பி வாங்குகிற நாம், நாமே நம்மைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். சேசிஸை மாற்றுவதாக இருந்தால் முன்கூட்டியே சாலைப் போக்குவரத்து இலாகாவில் கேளுங்கள். சேசிஸ் எண்ணும் பதிவும் ஒத்துப் போகாத வண்டி பிறகு தலைவலி.

இந்தியாவில் டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சாங் என்று ஒரு சிற்றூர். அங்கிருந்து 3,636 மீட்டர் உயரச் சந்தக்பூ சிகரத்துக்கு 31 கிலோமீட்டர் கரடுமுரடான பாதை. 1950களின் லேண்ட்ரோவர்கள் அங்கே பயணிகளை ஏற்றிச் சென்றன. ஓட்டுநர்களே பழுது பார்த்துக்கொண்டார்கள். லேண்ட்ரோவரின் 70ஆம் ஆண்டான 2018இல் அந்த நிறுவனமே அவர்களைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்தது. கம்போங் ராஜாவிலும் அதே கைத்திறன் இருக்கிறது. அதை நாம்தான் இன்னும் திறமையாக மதிக்கவில்லை.

என் வண்டி ஓட ஒன்றரை ஆண்டு ஆனது. வார இறுதிகளில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெல்டிங் பிடிக்கவும், பிரேக்கில் காற்று எடுக்கவும், துரு இறுகிய போல்ட்டை உடைக்காமல் கழற்றவும் கற்றேன். டிப்ளோமா படிப்பில் கிடைக்காத பொறுமை அங்கே கிடைத்தது. ஒருநாள் கேட்டேன்: "அண்ணே, இதையெல்லாம் உங்க பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீங்களா?" அவர் சிரித்தார். "எல்லாரும் கீழே இறங்கிட்டாங்க தம்பி. கேக்கிறதுக்கு நீங்க ஒருத்தர்தான் வந்தீங்க."

அந்தப் பதில்தான் இன்று என்னை இங்கே பேச வைத்தது. உதிரிப் பாகங்களைப் பிரிட்டனிலிருந்து வரவழைக்கலாம். புதிய சேசிஸ்கூடக் கிடைக்கிறது. சுத்தியல் ஓசையைக் கேட்டு இரும்பின் நிலையைச் சொல்லும் காதை எங்கிருந்து வரவழைப்பது?

ஆகவே இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடன் வாங்கி ஆளுக்கொரு வண்டி வாங்காதீர்கள். மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு வண்டி போதும். வட்டாரத்தில் இருக்கும் மூத்த மெக்கானிக் ஒருவரைத் தேடிப் போங்கள். அவர் நேரத்துக்குக் கூலி கொடுங்கள். அவர் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். இளைஞர் மன்றங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கலாம். வண்டி ஓடாமலே போனாலும் கற்றது கையில் நிற்கும்.

மறந்துவிடாதீர்கள், முதலில் மரக்கட்டை.