வீட்டுத் தோட்டத்தில் ஸ்ட்ராபெர்ரி: கடன் வேண்டாம், கன்று போதும்

(கோத்தகிரி பக்கத்துக் குழுக்களின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ஒரு கேள்வி வந்தது. "ஸ்ட்ராபெர்ரி போடறதுக்கு உள்கடன் கேட்கிறாங்க, கொடுக்கலாமா?" என்று. மூன்று வருஷமாக வீட்டுக்குப் பின்னால் இதை வளர்க்கிறேன் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செடி வையுங்க. அதற்குக் கடன் வாங்காதீங்க.

1990களின் கடைசியில் பசுந்தேயிலை விலை விழுந்ததை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். இருந்த நிலம் முழுக்கத் தேயிலை. அந்த நிலமும் பெரும்பாலும் வீட்டு ஆம்பளைங்க பேரில்தான் இருக்கிறது. நம்ம கைக்கு என்று இருப்பது சமையல்கட்டுக்குப் பின்னால் உள்ள நாலு முழம் இடம். அதில் வருகிற காசை யாரும் கணக்குக் கேட்பதில்லை. அதனால்தான் இந்தச் செடியைப் பற்றிப் பேசுகிறேன்.

இப்போது ஏன் கடன் வேண்டாம் என்கிறேன்? ஸ்ட்ராபெர்ரி தானே குட்டி போடும் செடி. தாய்ச்செடியிலிருந்து நூல் மாதிரி ஒரு கொடி ஓடும். ஓடுகொடி என்கிறோம். அதன் கணுவில் ஒரு சின்னச் செடி பிறக்கும். அது இருக்கிற இடத்தில் மண் நிரப்பிய சின்னப் பையையோ உடைந்த டம்ளரையோ வைத்து, கொடி நகராமல் கொண்டை ஊசியால் குத்திவிடுங்க. நாலைந்து வாரத்தில் வேர் பிடித்துவிடும். மெதுவாக இழுத்தால் வரக் கூடாது. அப்போது கொடியை நறுக்கிவிட்டால் தனிச்செடி. தாய்க்குப் பக்கத்தில் பிறக்கும் முதல் குட்டிதான் திடமாக இருக்கும், அதை எடுங்க. நோய் இல்லாத செடியிலிருந்து மட்டும் எடுங்க. பத்து செடி வைத்தவர், செடிக்கு ஐந்து குட்டி எடுத்தாலும் அடுத்த வருஷம் அறுபது செடிக்குச் சொந்தக்காரி. இதற்கு வட்டி எதற்கு?

விதை பாக்கெட் வாங்காதீங்க. விதையிலிருந்து வரும் செடி தாய் மாதிரியே காய்க்காது. செல்போனில் நீலக் கலர் ஸ்ட்ராபெர்ரி விதை என்று காட்டுகிறார்கள். அப்படி ஒரு பழமே கிடையாது, அது படத்துக்குப் பூசிய கலர். எங்க ஊருக்கு ஒருத்தர் வந்து, "ஆளுக்கு ஆயிரம் கன்று எடுங்க, பழத்தை நாங்களே வாங்கிக்கிறோம்" என்றார். எந்த விலைக்கு, எந்த நாளில், பழம் நசுங்கினால் யாருக்கு நஷ்டம் என்று எழுதிக் கேட்டோம். அதற்கப்புறம் அவரைக் காணோம்.

இனி நடுகிற விஷயம். நாங்கள் புரட்டாசி வாக்கில் நடுகிறோம். ஒரு அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போடுங்க, ஏனென்றால் தண்ணீர் நின்றால் வேர் அழுகும். நன்றாக மக்கிய சாணி எரு போதும். யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் தளதளவென்று வரும், பழம் கொழகொழவென்று போகும். செடிக்குச் செடி ஒரு அடி. இடம் இல்லாதவர்கள் பழைய எண்ணெய் டின், சாக்குப் பை எதில் வேண்டுமானாலும் வைக்கலாம், அடியில் ஓட்டை இருக்கணும்.

நடும்போது ஒன்றைக் கவனிக்கணும். இலையும் வேரும் சேரும் இடத்தில் ஒரு குருத்து இருக்கும். அது மண்ணுக்குள் புதைந்தால் அழுகும், மேலே தூக்கி நின்றால் காய்ந்துவிடும். சரியாக மண் மட்டத்தில் உட்காரணும். செடி பிழைக்காமல் போவது பெரும்பாலும் இதில்தான்.

உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி, மிளகாய் போட்டிருந்த இடத்தில் உடனே இதை வைக்காதீங்க. அந்தப் பயிர்களை வாட்டும் வாடல் நோய்ப் பூஞ்சாணம் மண்ணிலேயே வருஷக்கணக்கில் இருக்கும், ஸ்ட்ராபெர்ரியையும் பிடிக்கும். நம்ம பக்கம் உருளைக்கிழங்கு போடாத மண் எங்கே இருக்கு என்று கேட்பீர்கள். அப்படியானால் டின்னில் வேறு மண் போட்டு வையுங்க. தேயிலை பிடுங்கின இடம் என்றால் புளிப்பு அதிகமாக இருக்கலாம். ஸ்ட்ராபெர்ரிக்குக் கொஞ்சம் புளிப்பு பிடிக்கும், ரொம்பப் பிடிக்காது. மண்ணைப் பரிசோதித்துச் சுண்ணாம்பு போடணுமா என்று தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்க.

நட்டு வேர் பிடிக்கும் முன் வரும் முதல் பூக்களைக் கிள்ளிவிடணும். மனசு வராது, ஆனாலும் கிள்ளுங்க. பழம் பிடிக்கிற சமயத்தில் ஓடுகொடியையும் நறுக்குங்க, இல்லையென்றால் சத்தெல்லாம் அங்கே ஓடும். மார்கழி, தையில் உறைபனி விழுந்தால் பூவின் நடுப்பகுதி கறுத்துப்போகும், அதில் பழம் வராது. சாயங்காலமே பழைய சேலையை விரித்து மூடிக் காலையில் எடுத்துவிடுங்க.

சில பழம் கோணல்மாணலாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். அது நோய் என்று மருந்துக் கடைக்கு ஓடவேண்டாம். பழத்தின் மேல் எள்ளு மாதிரி ஒட்டியிருப்பது ஒவ்வொன்றும் தனித்தனியாக மகரந்தம் சேர்ந்தால்தான் அந்த இடம் பருக்கும். சேராத இடம் சப்பையாகிவிடும். தேனீ வந்தால் பழம் உருண்டு வரும். அதனால் பூக்கும் நாளில் மருந்து வேண்டாம். இது தோல் உரிக்காமல் அப்படியே தின்கிற பழம், பிள்ளைகள் செடியிலிருந்தே பறித்து வாயில் போடும். பக்கத்துத் தேயிலைக்கு மருந்து அடிக்கும் நாளில் பாத்தியை மூடிவையுங்க. அப்படியும் மேலே பட்டுவிட்டதாகச் சந்தேகம் இருந்தால் அந்தப் பழம் நமக்கும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

பழம் மண்ணில் படக்கூடாது, காய்ந்த புல்லைப் பரப்புங்க. சாம்பல் பூத்த மாதிரி அழுகின பழத்தை அன்றன்றே எடுத்து எறியணும், விட்டால் பக்கத்துப் பழத்துக்கும் பரவும். நத்தையை ராத்திரி டார்ச் அடித்துப் பொறுக்குங்க. கொண்டைக்குருவிக்கு வலை கட்டலாம். காட்டெருமைக்கு நான் என்ன சொல்ல! வேலி ஓரத்தில் வைக்காமல் சுவர் ஓரத்தில் வையுங்க, அவ்வளவுதான்.

நட்டு இரண்டரை, மூன்று மாதத்தில் பழம் பார்க்கலாம். நன்றாகக் கவனித்தால் ஒரு செடிக்கு சீசன் முழுக்கச் சேர்த்துக் கால் கிலோ, அரை கிலோ. முதல் வருஷம் பத்து செடியில் வருவது வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான். விற்பது அறுபது செடி ஆன பிறகு பேசவேண்டிய விஷயம்.

விற்பனையில்தான் கவனம் வேணும். வாழை மாதிரி பறித்துவைத்துப் பழுக்கவைக்க முடியாது. சிவந்த பிறகே பறிக்கணும், பறித்தால் வெளியில் ஒன்றிரண்டு நாள்தான் தாங்கும். காலை வேளையில் காம்போடு கிள்ளி, அகலமான தட்டில் ஒரே அடுக்காக வையுங்க. கழுவாதீங்க, தின்னும்போது கழுவினால் போதும். ஏப்ரல், மே சீசனில் ரோட்டோரம் சுற்றுலா வண்டி நிற்கிற ஊர்க்காரர்கள் அன்றே விற்கலாம். உள்ளே பஸ் இரண்டு தடவை வருகிற ஊர்க்காரர்கள் பத்துப் பதினைந்து செடியோடு நின்றுகொள்வதுதான் நல்லது என்பது என் கருத்து. மிஞ்சினால் ஜாம் காய்ச்சலாம். இந்தப் பழம் தானாக எளிதில் இறுகாது, எலுமிச்சை பிழியணும். ஜாமை விற்பது என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும், அதைக் குழுவாகச் செய்வோம்.

சத்துக்காக இதை வாங்கித் தின்னுங்க என்று நான் சொல்லமாட்டேன். வைட்டமின் சி நிறைய உண்டு, வாஸ்தவம். கொய்யாவிலும் நெல்லியிலும் இதைவிட அதிகம். மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து வந்திருக்கிற சகோதரிகள் வருத்தப்படாதீங்க. ராத்திரிக் குளிர் வேண்டிய பயிர் இது. சமவெளி வெயிலில் செடி இருக்கும், பழம் இருக்காது. நீங்கள் அந்தக் கொய்யாவையே வையுங்க.

நம்ம மலையிலேயே காட்டு ஸ்ட்ராபெர்ரி ஒன்று உண்டு. அதன் அறிவியல் பெயரிலேயே நீலகிரியின் பெயர் இருக்கிறது. பழம் சின்னது, வெளிறின நிறம். சோலை ஓரத்தில் பார்த்தால் பிடுங்காதீங்க.

கடைசியாக ஒரு தீர்மானம் முன்வைக்கிறேன். எங்க குழுவில் இப்போது எண்பது கன்று வேர் பிடித்துப் பையில் இருக்கிறது. வேண்டும் என்கிற குளிர்ப்பகுதி உறுப்பினர்களுக்கு ஆளுக்கு ஐந்து தருகிறோம், பணம் வேண்டாம். அடுத்த புரட்டாசியில் ஐந்து கன்று திருப்பித் தரணும். அது வேறு ஐந்து பேருக்குப் போகாது, முழுசாக ஒருத்தருக்கே போகும். தீர்மானப் புத்தகத்தில் யாருக்கு எத்தனை என்று எழுதிக் கையெழுத்து வாங்குவோம். பெயர் கொடுக்கிறவர்கள் இந்த வாரத்துக்குள் உங்க பிரதிநிதியிடம் சொல்லுங்க. பாத்தி போட்டு வைத்துவிட்டு வாங்க, கன்று பையில் காத்திருக்காது.