ஒரு பெரிய பகா எண்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மெட்ரிக் தேறி, இரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதிவரும் நாம் கணிதம் பேசத் துணிந்தமையை அவையோர் பொறுத்தருள்க. பேச வந்தது ஒரே ஓர் எண்ணைப் பற்றி: 2,14,74,83,647. சதுரங்கப் பலகையின் முதற்கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என இரட்டித்து வைக்கும் கதையை அறிவீர்கள். முப்பத்தொரு கட்டங்கள் நிறைந்ததும் பலகையிலுள்ள நெல்லின் தொகை இதுவே. இதனைச் சமபங்கிட வழியில்லை. ஒருவர்க்கே முழுவதும், அன்றேல் ஆளுக்கொரு மணி. ஆகவே இது பகா எண்.

இதனை நிறுவியவர் ஆய்லர். 1772ஆம் ஆண்டு ருஷ்யாவிலிருந்து முடிவை அறிவித்தபோது, அவருக்குக் கண்ணொளி ஏறக்குறைய முற்றும் போயிருந்தது. ஓர் எண் வகுபடுமாயின், அதன் வர்க்கமூலத்திற்கு மேற்படாத காரணி ஒன்றேனும் இருந்தே தீரும். எனவே 46,340 வரை சோதித்தாற் போதும். அதுவே மலைப்பன்றோ! ஆய்லர் சல்லடையை நெருக்கினார். இதற்குப் பகாக் காரணி இருப்பின், அக்காரணியை 248ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63 ஆகவே வரும் என்று கண்டார். எஞ்சியவை 372 எண்களே.

அந்த 372 வகுத்தல்களையும் நாமே செய்து பார்த்தோம். இரவுச் சாப்பாட்டிற்குப் பின் நாளைக்கு நாலைந்தாக, மூன்று மாதம் ஆயிற்று. 311ஆல் வகுத்தால் ஈவு 69,05,092; மீதி 35. இப்படியே போகையில் ஒருநாள் மீதி பூச்சியம் வந்தது! ஆய்லரையே வென்றுவிட்டோம் என்று அன்றிரவு உறங்கவில்லை. காலையில் எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் நோட்டை வாங்கிப் பார்த்து, கழித்தலில் கடன் வாங்க மறந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள். இருபதாண்டுக் கணக்கர்க்கு அது போதாதா?

“இதனால் என்ன பயன்?” என்று காலனிப் பிள்ளை ஒருவன் கேட்டான். 1811இல் பீட்டர் பார்லோ என்னும் ஆங்கிலேயரும், இவ்வெண்ணால் அமைந்த நிறைவெண்ணைக் குறித்து, இவை வியப்பேயன்றிப் பயனில்லாதவை, இனிப் பெரியதை எவரும் தேடார் என்னும் கருத்துப்பட எழுதினார். (6இன் காரணிகளாகிய 1, 2, 3 கூடி 6 ஆவதுபோல்வது நிறைவெண்.) ஆனால் 1876இல் பிரெஞ்சுக்காரர் லூக்கா 39 இலக்கப் பகா எண்ணைக் கண்டார். 2024இல் அறிவிக்கப்பட்டதற்கோ 4,10,24,320 இலக்கங்கள்.

பயனும் வந்தது, பகா எண் என்பதனால் அன்று. இரட்டிப்பின் எல்லை என்பதனால். கணிப்பொறி 32 இடங்களில் எண்ணை எழுதுங்கால், ஓரிடம் குறிக்குப் போக, எஞ்சிய 31 இடங்களில் அடங்கும் மிகப் பெரிய எண் இதுவே. 1970 ஜனவரி முதல் நாளிலிருந்து விநாடிகளை இவ்வாறு எண்ணிவரும் பழைய பொறிகளுக்கு, 2038 ஜனவரி 19 அன்று நம் நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடியில் இடம் தீரும். திருத்தப்படாதவை அடுத்த விநாடியில் 1901ஆம் ஆண்டைக் காட்டும். அட்டவணையே உயிரான நம்மவர்க்கு அதன் பொருள் விளங்கும்.

நம் நோட்டு சங்க வாசகசாலையில் இருக்கிறது. இன்னும் பிழை காண்போர் ஞாயிறு மாலை வீட்டிற்கு வருக, காப்பி உண்டு.