ஔடத தானமும் தூய்மையும்
(அட்சய திருதியை விழாவில் ஆற்றிய உரை)

 

ஓராண்டுக்கு மேலாக உண்ணாதிருந்த ஆதிநாதருக்குச் சிரேயாம்ச மன்னன் கரும்புச் சாறு அளித்த நன்னாள் இது. உணவு, ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் உணவுத் தானத்துக்கு நம் இல்லங்களில் எத்துணை ஒழுங்கு! நீரை வடிகட்டுகிறோம், தானியத்தை மணிமணியாய் ஆய்கிறோம், நீராடித் தூய ஆடை உடுத்தே அடுக்களை புகுகிறோம். ஔடத தானத்துக்கு இவ்வொழுங்கில் பாதியேனும் உண்டா?

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ஒரு வீட்டுக் கட்டில், சக்கர நாற்காலி, வாக்கர், பெட்பேன் ஆகியவை நோயாளிக்குப் பயன்பட்டபின் அடுத்த வீட்டுக்கு இரவலாகப் போகின்றன. நல்ல வழக்கமே. ஆனால், மேலாக ஒரு துணியால் துடைத்து அனுப்பிவிடுகிறோம். கொடுப்பவர் உள்ளம் தூயது, பொருள் தூயதன்று.

கிருமிகளை அழிப்பது இம்சை ஆகாதா என்று மூத்தோர் சிலர் கேட்பதுண்டு. தக்க வினாவே. இல்லறத்தார் நோன்பு விலக்கச் சொல்வது, கொல்லும் எண்ணத்தோடு செய்யும் சங்கற்ப இம்சையை. சமைத்தல், துவைத்தல், பெருக்கல் போன்ற இல்லத் தொழில்களில் நேர்வதை ஆரம்ப இம்சை என்று நம் ஆசிரியர்கள் தனியே பிரித்து, விழிப்போடு செய்க என்றனர். இம்சைக்கு வேர் பிரமாதம், அதாவது கவனமின்மை, என்பதே நம் ஆகமக் கொள்கை. முனிவர் ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் மயிற்பீலியால் வருடுவது அக்கவனத்தின் பொருட்டே. கழுவாத கட்டிலில் அடுத்த நோயாளியைக் கிடத்துவது பிரமாதம் அன்றி வேறென்ன?

1847இல் வியன்னா மகப்பேறு மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், பிணவறையிலிருந்து வரும் மருத்துவர்கள் சுண்ணக் குளோரைடு நீரில் கைகழுவ வேண்டும் என விதித்தார். நூற்றுக்குப் பத்துக்கு மேலிருந்த தாய்மார் இறப்பு, மறு ஆண்டில் இரண்டுக்கும் கீழே இறங்கியது. நாம் கிணற்றுக்கு இடும் பிளீச்சிங் தூள்தான் அச்சுண்ணக் குளோரைடு.

முறை எளிது, வரிசை மாறலாகாது. முதலில் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவவேண்டும்; இரத்தமும் சளியும் ஒட்டியிருக்க, மேலே எம்மருந்தைத் தெளித்தாலும் அதன் வலிமை அவ்வழுக்கிலேயே செலவாகிவிடும். பின்னர் 1 லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 30 கிராம் பிளீச்சிங் தூள் கலந்து, தெளிந்த நீரால் துடைத்து, 10 நிமிடம் ஈரமாய் விட்டு, நல்ல நீரால் மீண்டும் துடைக்கவேண்டும். கரைசலை அன்றன்றே கலக்கவேண்டும். குளோரின் உலோகத்தை அரிக்குமாதலால் அப்பகுதிகளுக்கு 70 விழுக்காட்டு ஸ்பிரிட் ஏற்றது. கையுறை அணிக; கதவைத் திறந்து வைக்க; கழிப்பறை ஆசிட்டோடு ஒருபோதும் கலவாதீர், நச்சுவாயு எழும். வேப்பிலையும் சாம்பிராணியும் போதும் என்பாருளர். அவை வாசலுக்கு அழகு, நோயாளியின் கட்டிலுக்கு மருந்தல்ல.

மெத்தையுறை கிழிந்திருந்தால் கழுவிப் பயனில்லை. உள்ளிருக்கும் பஞ்சு கசிவை உறிஞ்சியிருக்கும். அதைத் தானம் செய்யாதீர். ஆக்சிஜன் முகமூடியும் குழாயும் ஒருவருக்கு மட்டுமே உரியவை. ஈரப்பதக் குடுவையில் கொதித்தாறிய நீரையோ வாலை வடித்த நீரையோ ஊற்றி, நாள்தோறும் கொட்டிக் கழுவி உலர்த்தவேண்டும்.

2008 செப்டம்பரில் தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியபின் சிற்றூர்களுக்கும் ஊர்தி வருகிறது. நோயாளியை இறக்கியபின், கதவுகளைத் திறந்து, மேலிருந்து கீழாக, அழுக்குக் குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்துக்குத் துடைப்பதே முறை. பலர் மறப்பவை கதவின் கைப்பிடி, ஸ்டிரெச்சரின் பக்கக் கம்பி, இரத்த அழுத்தம் பார்க்கும் கைப்பட்டை. அடுத்த அழைப்பு காத்திருக்க, இப்பணிக்குச் சில நிமிடங்களே கிட்டும். "சீக்கிரம் கிளம்புங்கள்" என்று அவ்வூழியரை விரட்டாதீர்.

நமக்கு அண்மையிலுள்ள திருமுக்கூடல் கோயிலில் வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையைக் குறிக்கிறது. மருத்துவர், அறுவை செய்வோர், நோயாளியைப் பேணும் பெண்டிர் ஆகியோருக்குரிய ஊதியமும் அதில் உண்டு. பேணும் பணிக்கு அன்றே கூலி வகுத்துக் கல்லில் வெட்டினர். நாமோ நோயாளியின் கட்டிலைக் கழுவுவதை இழிதொழில் என ஒதுக்கி, கூலிக்கு ஆள் தேடுகிறோம்.

ஆதலின் ஒன்று வேண்டுகிறேன். இரவல் தரும் கட்டிலொன்றுக்கு ஒரு பேரேடு வைப்போம். கொண்டுசென்றவர், திரும்பிவந்த நாள், கழுவியவர் பெயர் என மூன்று பத்திகள் போதும். மூன்றாம் பத்தி வெறுமையாயின் அப்பொருள் வெளியே போகலாகாது. வரும் ஞாயிறு காலை, கைவசமுள்ள பொருள்களை முதன்முறையாகக் கழுவ இருக்கிறோம். இளைஞர்கள் பழைய துணிகளோடு வந்து சேர்க.