கைகளுக்கும் கொஞ்சம் விளையாட்டு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "தலைப்பு என்னப்பா?" என்று கேட்டார். "கந்தல் துணி, அண்ணே" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "அழைப்பிதழில் 'படைப்பாற்றல்' என்று போட்டுவிடட்டுமா?" என்றார். போடுங்கள் என்றேன். ஆகவே அழைப்பிதழை நம்பி வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். நான் பேசப் போவது கந்தல் துணியைப் பற்றித்தான்.

கந்தல் துணி நமக்குப் புதிது அல்ல. வொர்க்‌ஷாப்பில் அரம் பிடித்து முடித்ததும் கை துடைக்கத் தருவார்களே, பனியன் வேஸ்ட், அதுதான். திருப்பூரில் வெட்டி மிஞ்சிய துண்டுகள். மஞ்சள் இருக்கும், நீலம் இருக்கும், கோடு போட்டது இருக்கும். நாம் கிரீஸைத் துடைத்துவிட்டு எறிந்துவிடுவோம். அதே துண்டுகளை நீளவாக்கில் கிழித்து, பின்னி, மிதியடியாக்கித் தெருவில் விற்கிறார்கள். அதைப் பின்னிய அம்மா, சிவப்புக்குப் பக்கத்தில் பச்சையா நீலமா என்று ஒரு விநாடியாவது யோசித்திருப்பார். அப்படி யோசிக்கச் சொல்லி யாரும் கூலி தரவில்லை. அந்த ஒரு விநாடிதான் இன்றைக்கு என் விஷயம்.

துண்டுத் துணிகளை ஒட்டுப் போட்டுப் போர்வை தைப்பது பல நாடுகளில் உண்டு. ஆங்கிலத்தில் க்வில்ட் என்கிறார்கள். மேலே ஒட்டுப் போட்ட துணி, நடுவில் பஞ்சு, அடியில் இன்னொரு துணி. மூன்றையும் சேர்த்துப் பிடித்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தையல் ஓடும். அந்தத் தையல் அழகுக்கு மட்டும் அல்ல. அது இல்லாவிட்டால் நாலு துவைப்பில் பஞ்சு எல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும். நமக்குக் கதகதப்புத் தருவது பஞ்சுகூட இல்லை, பஞ்சுக்குள் அசையாமல் அடைபட்டு நிற்கும் காற்று. ஹீட் ட்ரான்ஸ்ஃபர் பேப்பரில் அரியர் வைத்தவர்களுக்குக்கூட இது ஞாபகம் இருக்கும். வங்காளத்தில் இதற்குக் காந்தா என்று பெயர். பழம்புடவைகளை அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைப்பார்கள். மராட்டியத்தில் கோதடி. நம் பக்கம் குளிர் குறைவு, அதனால் பஞ்சு இல்லை. ஆனால் பாட்டியின் பழைய நூல்புடவையை நாலாக மடித்து, ஓரம் தைத்து, அதில்தானே பச்சைக் குழந்தையைக் கிடத்துவோம்!

நான் உங்களுக்குச் சொல்ல வந்த கதை அமெரிக்காவில் நடந்தது. அலபாமா மாநிலத்தில், ஆறு மூன்று பக்கமும் வளைந்து ஓடும் ஓர் இடத்தில், ஜீஸ் பெண்ட் என்று ஒரு சின்ன ஊர். ஒரு காலத்தில் பருத்தித் தோட்டம். அங்கே அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்களின் வாரிசுகள்தான் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். தோட்ட முதலாளியின் குடும்பப் பெயரான பெட்வே என்பதே பல வீடுகளின் பெயராக நிலைத்துவிட்டது. 1932-இல், இவர்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஒரு வியாபாரி இறந்தபின், அவர் குடும்பத்தார் ஆளனுப்பிக் கோழி, மாடு, கலப்பை வரை வாரிக்கொண்டு போனார்கள். வாக்குரிமைக்காக இந்த மக்கள் குரல் கொடுத்த நேரத்தில், 1962-இல், ஆற்றைக் கடக்கும் படகையும் நிறுத்தினார்கள். அது மறுபடி ஓடியது 2006-இல். நாற்பத்து நாலு வருஷம்!

இந்த ஊர்ப் பெண்கள் போர்வை தைத்தது பொழுது போகாமல் இல்லீங்க, குளிர் தாங்காமல். பலகை வீடு, இடுக்கு வழியாகக் காற்று வரும். வயலில் உழைத்துக் கிழிந்த கால்சட்டை, மாவு மூட்டைத் துணி, எது கிடைத்ததோ அது. அந்தப் போர்வைகளின் படத்தை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். வெளுத்துப்போன நீலத் துணியின் நடுவே ஒரு சதுரம் மட்டும் கருநீலமாக இருக்கும். அந்த இடத்தில் ஒரு பாக்கெட் இருந்திருக்கிறது. பாக்கெட்டைப் பிரித்து எடுத்தபின், வெயில் படாத அந்த நிறம் அப்படியே தங்கிவிட்டது. மிசூரி பெட்வே என்ற பெண்மணி 1942-இல், கணவர் இறந்தபின், அவர் வேலைக்கு உடுத்திய துணிகளை எல்லாம் சேர்த்து ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொண்டு போர்த்திக்கொள்வதற்கு. அதற்கு மேல் அதைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது கொஞ்சம் இன்ஜினீயரிங். அங்கே 'ஹவுஸ்டாப்' என்று ஒரு முறை உண்டு, கூரை என்று பொருள். நடுவில் ஒரு துண்டு. அதன் ஒரு பக்கத்தில் ஒரு பட்டை தைக்கிறோம். பிறகு அடுத்த பக்கம், அடுத்த பக்கம் என்று சுற்றிக்கொண்டே போகிறோம். சதுரத்துக்குள் சதுரமாக வளரும். இதில் நடுத்துண்டு ஒரு நூல் கோணலாக இருந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பிசகு கூடிக்கொண்டே வரும். நாம் டாலரன்ஸ் கூட்டிக் கூட்டிப் பார்ப்போமே, அதேதான். நாமாக இருந்தால் பிரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவோம். இவர்களிடம் பிரித்து வெட்ட வேறு துணி கிடையாது. அதனால் அடுத்த பட்டையை ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் குறுகலாகவும் வெட்டித் தைத்துவிடுவார்கள். கோணல் கணக்கில் தீர்ந்துவிடும், கண்ணுக்கோ அது ஓர் அசைவாகத் தெரியும். நான் மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் என் பழைய லுங்கியையும் சட்டைகளையும் வைத்து இந்த வேலையைச் செய்து பார்க்கிறேன். சுவரோடு சுவர் நேராக இருக்கும் கட்டத்தைவிட, இப்படி நெளிந்து நிமிரும் கட்டம் தைப்பது கஷ்டம். சந்தேகம் இருப்பவர்கள் செய்து பார்க்கலாம்.

தையல் என்றாலே நம் ஆட்களுக்குக் கொஞ்சம் இளக்காரம். 1969-இல் நிலவில் முதலில் நடந்த இருவரும் அணிந்திருந்த உடையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்த கம்பெனி, பெண்களின் உள்ளாடை தயாரித்துப் பெயர் வாங்கிய கம்பெனி. அடுக்கு அடுக்காகத் துணியை வைத்துத் தையல் மிஷினில் தைத்தவர்கள், அங்கே வேலை பார்த்த தையல்காரப் பெண்கள். ராக்கெட் சம்பந்தப்பட்ட எல்லாப் படத்தையும் ஹாஸ்டல் சுவரில் ஒட்டினோம், அந்தத் தையல் மிஷினை மட்டும் விட்டுவிட்டோம்.

சரி, மறுபடி ஜீஸ் பெண்டுக்கு வருவோம். முக்கியமான இடம் இதுதான். 1966-இல் அந்தப் பகுதிப் பெண்கள் 'ஃப்ரீடம் க்வில்டிங் பீ' என்று ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். 1972-இல் சியர்ஸ் என்ற பெரிய கடைக்குத் தலையணை உறை தைத்துத் தரும் ஆர்டர் வந்தது. கார்டுராய் துணி. அளவு ஒன்று, நிறம் ஒன்று, தையல் ஒன்று. ஒரு உறை மாதிரியே அடுத்த உறை இருக்க வேண்டும். ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்க்கும் நம் ஆட்களுக்கு இந்தக் கதை நன்றாகத் தெரியும். வெட்டி மிஞ்சிய கார்டுராய் துண்டுகள் வீடுகளுக்குப் போயின. பகலில் கடைக்காரன் சொன்ன அளவுக்குத் தைத்த அதே கைகள், வீட்டில் அதே துணியை வைத்து யாரும் சொல்லாத விதத்தில் தைத்தன. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'என் வழி'.

2002-இல் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்திலும், பிறகு நியூயார்க்கிலும் இந்தப் போர்வைகளைச் சுவரில் மாட்டினார்கள். நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் மத்தீஸ், க்ளே போன்ற ஓவியர்களோடு சேர்த்து எழுதினார். 2006-இல் பத்துப் போர்வைகள் தபால்தலையாக வந்தன. அதுவரை கொசு விரட்டப் பழைய போர்வையைக் கொளுத்தியவர்களும் அந்த ஊரில் உண்டு. புகழ் வந்த அளவுக்குப் பணம் வந்ததா என்பது வேறு விஷயம். 2007-இல் சிலர் வழக்கே போட்டார்கள், அடுத்த வருஷம் சமரசமானது. இதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இது ஏதோ தேவதைக் கதை போல ஆகிவிடும்.

அருங்காட்சியகம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. தலையணை உறையும் 'என் வழி'யும் ஒரே கையிலிருந்து வந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒழுங்காகத் தைக்கத் தெரிந்ததால்தான் அவர்களால் கோணலையும் ஆள முடிந்தது. ட்ராயிங்படி செய்வது நம் தொழில், அதில் எனக்குக் குறை இல்லை. ஒரு போல்ட்டுக்கு 'என் வழி' என்று யாராவது கிளம்பினால் பாலம் விழுந்துவிடும். நமக்குப் பகல் வேலை இருக்கிறது. ராத்திரி வேலைதான் இல்லை.

வேலைக்கு ஆள் எடுக்கும் குழுவில் சில வருஷமாக நானும் உட்காருகிறேன். பையனோ பெண்ணோ வந்தால், "கடைசியா உன் கையால என்னப்பா செஞ்ச?" என்று கேட்பேன். ப்ராஜக்ட் என்பார்கள். இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும், ப்ராஜக்ட் கடையில் வாங்கியது என்று. ரிப்போர்ட், மாடல், வைவாவுக்குக் கேள்வி பதில் எல்லாம் சேர்த்து ஒரு விலை. அந்தப் பிள்ளைகளை நான் திட்ட மாட்டேன். எதைச் செய்தாலும் அதற்கு மார்க் என்று பன்னிரண்டு வருஷம் பழக்கிவிட்டோம். மார்க்குக்காகச் செய்வதை விலைக்கு வாங்கினால் என்ன என்று அவர்கள் கேட்கிறார்கள். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது? யாரும் மார்க் போடாத வேலையை மட்டும்தான் யாரும் விலைக்கு வாங்கமாட்டார்கள்.

இப்படி ஒரு வேலைக்காகவே வாழ்ந்த இன்ஜினீயர் ஒருவர் நம் நாட்டில் இருக்கிறார். அரவிந்த் குப்தா. 1975-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் எலெக்ட்ரிக்கல் முடித்து, புனேயில் டெல்கோவில் சேர்ந்தார். 1978-இல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்துக்குப் போனார், கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்காக. அங்கே அவர் கையில் எடுத்தது இரண்டு பொருள். தீக்குச்சி, சைக்கிள் வால்வ் டியூப். டியூபைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, குச்சிகளை அதில் செருகினால் மூட்டு தயார். நாலு குச்சியில் சதுரம் செய்து லேசாகத் தள்ளுங்கள், சாய்ந்து படுத்துவிடும். மூன்று குச்சி முக்கோணத்தை எப்படித் தள்ளினாலும் அசையாது. நாம் ட்ரஸ் பற்றி ஒரு செமஸ்டர் படித்தோமே, ஒன்பது வயசுப் பிள்ளை அதை விரல் நுனியில் தெரிந்துகொள்கிறது. பிறகு புனேயில் ஆயுகா வளாகத்தில் ஒரு மையத்தில் குப்பையிலிருந்து பொம்மை செய்வதையே பல வருஷம் செய்தார். 2018-இல் பத்மஸ்ரீ.

புனே வரை எதற்கு? நுங்கு வண்டி ஓட்டியவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். முன்வரிசையில் நிறையக் கை தெரிகிறது, பின்வரிசையில் ஒன்றிரண்டு. நுங்கு எடுத்த இரண்டு குரும்பை, நடுவே ஒரு குச்சி, தள்ளக் கவைக்கொம்பு. ஒன்று பெரிசாகவும் ஒன்று சின்னதாகவும் இருந்தால் வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும். வேறு நுங்கு தேடுவோம், கிடைக்காவிட்டால் பெரிசைக் கொஞ்சம் சீவுவோம். டிஃபரன்ஷியல் பாடம் நடக்கும்போது எனக்கு ஞாபகம் வந்தது அந்த வண்டிதான், புத்தகத்துப் படம் இல்லை.

இனி வேண்டுகோள். இன்று மாலை பொதுக்குழுவில், சங்கம் கல்லூரிக்கு என்ன செய்து கொடுப்பது என்று முடிவு செய்யப் போகிறீர்கள். த்ரீ-டி பிரிண்டர்களோடு ஒரு குளிர்சாதன ஆய்வகம் என்று ஒரு யோசனை இருக்கிறது. நல்ல யோசனை, நானும் பணம் தருவேன். ஆனால் அதன் பக்கத்தில் ஒரு சின்ன அறையும் வேண்டும். கால் மிதி தையல் மிஷின் இரண்டு, பனியன் வேஸ்ட் ஒரு மூட்டை, பழைய டியூப், அட்டை, பசை, கத்தரிக்கோல். சனிக்கிழமை மதியம் திறந்திருக்க வேண்டும். வருகைப் பதிவு வேண்டாம். சர்டிஃபிகேட் வேண்டாம். தயவுசெய்து போட்டி வைக்காதீர்கள், முதல் பரிசு என்று அறிவித்த அன்றே கடையில் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். சாவி மாணவர்களிடம் இருக்கட்டும். ஏதாவது உடைந்தால் திட்ட வேண்டாம் என்று முதல்வர் அவர்களை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். சிரிக்கிறார், சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு செய்தி. என் காரில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கிறது. ஊசி, நூல், துண்டுத் துணி, வால்வ் டியூப், தீக்குச்சி. சாப்பாடு முடிந்ததும் வொர்க்‌ஷாப் வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். தைக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுங்கள். அண்ணன்மார்கள் கண்ணாடி எடுத்துக்கொண்டு வரவும்.