கதிருக்குத் துணை போகும் மருந்து



சுங்கை காடுட் இன்று தொழிற்பேட்டையும் வீடமைப்புப் பகுதிகளும் நிறைந்த ஊர். ஆனாலும் பால்மரம் வெட்டி, பின்னர் செம்பனையில் உழைத்து ஓய்ந்த மூத்த தலைமுறை அந்த வட்டாரத்தில் இன்னும் வாழ்கிறது. அத்தலைமுறைப் பெண்கள் பலரிடம் ஒரு வெற்றிலைப் பெட்டியும் இருக்கும். விடியுமுன் பெரட்டுக்குப் போகையில் வாயில் அடக்கிய வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் பசியையும் குளிரையும் மறக்கச் செய்தன. வேலை ஓய்ந்த பிறகும் அந்தப் பழக்கம் ஓயவில்லை.

மலேசியாவின் மூன்று பெரிய இனங்களில் வாய்ப்புற்றுநோய் இந்தியர்களையே அதிகம் தாக்குகிறது, அதிலும் பெண்களை. புகையிலை மட்டுமல்ல, பாக்கும் தன்னளவில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. வெற்றிலையை விடச் சொல்லும் அறிவுரைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. நோய் வந்தபின் நடப்பதைத்தான் குடும்பங்கள் பேசுவதில்லை. “அம்மாவுக்குக் கரண்டு வைக்கிறார்கள்” என்பதோடு பேச்சு நின்றுவிடும். அந்தக் கதிர் சிகிச்சையோடு சேர்த்து ஏற்றப்படும் ஊசி எதற்கென்று கேட்பவர்கள் குறைவு.

புற்றுநோய்க் கட்டியில் பாயும் கதிர், அணுக்களின் மரபு இழையை அறுக்கிறது. இழை அறுந்த அணு பெருக முடியாமல் மடிகிறது. ஆனால் எல்லா அணுக்களும் அப்படி எளிதில் மடிவதில்லை. ஈர விறகில் தீ பிடிக்காததுபோல, சில அணுக்களிடம் கதிர் எடுபடாது. இதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு. பெரிய கட்டியின் உள்பகுதிக்கு இரத்த ஓட்டம் சரியாக எட்டாததால் அங்கே ஆக்சிஜன் குறைவு. ஆக்சிஜன் குறைந்த அணுவைக் கொல்ல இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் தேவைப்படலாம். இதை 1953-இல் எடுத்துக்காட்டியவர்களில் முதன்மையானவர் இங்கிலாந்தின் எல்.எச். கிரே. கதிரின் அளவு இன்று அவர் பெயராலேயே ‘கிரே’ எனப்படுகிறது. இன்னொரு காரணம், அறுந்த இழையைச் சில அணுக்கள் தாமே ஒட்டிக்கொள்வது. அந்த ஒட்டுவேலையைத் தடுக்க ஒரு மருந்து இருந்தால், அதே கதிர் கூடுதலாகக் கொல்லும். கட்டியைக் கதிருக்கு இளக்கிக் கொடுக்கும் மருந்துகள் இப்படித்தான் தேடப்பட்டன.

இந்தத் தேடலில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தொடங்கப்பட்டது. அங்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். வாய்ப்புற்று முற்றிய நிலையில் வந்தவர்கள். அறுவை செய்ய முடியாத அந்தக் கட்டிகளுக்குக் கதிர் மட்டும் போதவில்லை. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் வி. சாந்தாவும் ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்ட பிளியோமைசின் என்ற மருந்தைக் கதிரோடு சேர்த்துக் கொடுத்து, கதிர் மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டையும் பெற்றவர்களில் கூடுதலானோருக்குக் கட்டி முழுமையாகக் கரைந்தது. அந்த முடிவுகள் 1977-இலும் 1980-இலும் வெளிநாட்டு மருத்துவ இதழில் வெளிவந்தன. வெற்றிலை போட்ட வாய்களுக்கு வைத்தியம் தேடியவர்கள், அந்த வாய்களை அன்றாடம் பார்த்தவர்களே. டாக்டர் சாந்தா 2021-இல் தமது 93-ஆம் வயதில் மறைந்தார்.

பிளியோமைசின் நுரையீரலைக் கெடுக்கக்கூடியது. வாய், தொண்டைப் புற்றில் அதன் இடத்தை சிஸ்பிளாட்டின் பிடித்துக்கொண்டது. இது பிளாட்டினம் கலந்த மருந்து. 1965-இல் அமெரிக்காவில் பார்னெட் ரோசன்பர்க், மின்சாரம் கிருமிகளை என்ன செய்கிறது என்று பார்க்கப் போய், பிளாட்டினத் தகட்டிலிருந்து கரைந்த பொருள் கிருமிகளைப் பெருகவிடாமல் தடுப்பதைக் கண்டார். தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று! இம்மருந்து மரபு இழையில் முடிச்சுப் போட்டுவிடுகிறது. கதிரால் அறுந்ததை அணு ஒட்டிக்கொள்ள முடிவதில்லை.

பலன் எவ்வளவு? தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கதிரோடு அதே நாட்களில் மருந்தும் பெற்ற நூறு பேரில், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் கூடுதலாக ஆறேழு பேர் உயிரோடிருந்தார்கள். மந்திரமல்ல, ஆனால் அந்த ஆறேழு வீடுகளுக்கு அதுவே எல்லாம். கருப்பை வாய்ப்புற்றிலும் இம்மருந்து உதவுகிறது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் நோய் முற்றிய 850 பெண்களிடம் நடந்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. ஐந்தாண்டு வாழ்ந்தவர்கள் கதிர் மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 46. மருந்தும் சேர்ந்தவர்களில் 54.

எல்லாருக்கும் இது தேவையில்லை. வாய்ப்புற்றில் பெரும்பாலும் முதலில் அறுவைதான். வெட்டிய ஓரத்தில் புற்று மிஞ்சியிருந்தாலோ, கழுத்து நெறிக்கட்டியின் உறையைத் தாண்டிப் பரவியிருந்தாலோதான் கதிரோடு இந்த மருந்தையும் சேர்ப்பார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொடுப்பதும் உண்டு. வாரந்தோறும் சிறிய அளவில் கொடுப்பதும் உண்டு. ஆகவே பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு வேறு கணக்கில் ஏற்றுகிறார்களே என்று குழம்ப வேண்டியதில்லை.

சிஸ்பிளாட்டினின் பெரிய குறை, அது சிறுநீரகத்தையும் காதையும் தாக்குவது. நம்மவர்களில் நீரிழிவால் சிறுநீரகம் தளர்ந்தவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு இது கூடாது என்று மருத்துவர் சொன்னதும், “இனி ஒன்றும் செய்வதற்கில்லை” என்று குடும்பம் முடிவு கட்டிவிடக்கூடாது. சிஸ்பிளாட்டின் ஒத்துக்கொள்ளாத 356 பேரிடம் அதே மும்பை மருத்துவமனை நடத்திய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. வாரம் ஒருமுறை சிறிய அளவில் டொசிடாக்செல் பெற்றவர்களில் இரண்டாண்டு வாழ்ந்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 51. கதிர் மட்டும் பெற்றவர்களில் 42. வாய்ப்புண் கடுமையாக வரும், விழுங்குவது சிரமமாகும். மூக்குக் குழாய் வழியே கஞ்சி கொடுக்க வேண்டி வரலாம். இருந்தாலும் “சிறுநீரகம் சரியில்லாதவருக்கு வேறு மருந்து சேர்க்க முடியுமா, டாக்டர்?” என்று கேட்பதில் தவறில்லை.

இனி, மருந்தின் பலனை வீட்டிலேயே கெடுக்கும் வழிகள். சிகிச்சை நடக்கும்போதே புகைப்பது அவற்றில் ஒன்று. சிகரெட் புகை இரத்தத்தின் ஆக்சிஜனைக் குறைக்கிறது. 1993-இல் வெளிவந்த கனடிய ஆய்வில், கதிர் நாட்களில் புகைப்பதை விட்டிருந்தவர்களில் நூற்றுக்கு 74 பேருக்குக் கட்டி முற்றிலும் கரைந்தது. புகைத்துக்கொண்டே இருந்தவர்களில் 45 பேருக்குத்தான். அடுத்தது, நேரடி விற்பனைக்காரர் கொண்டுவரும் ‘சக்தி’ மாத்திரை. கதிரின்போது வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் மாத்திரைகளைக் கூடுதல் அளவில் எடுத்த நோயாளிகளைப் பற்றி 2005-இல் கனடாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. பக்க விளைவு குறைந்தது உண்மை. ஆனால் நோய் அதே இடத்தில் திரும்பும் போக்கு கூடியதாகத் தெரிந்தது. கதிரிடமிருந்து உடம்பைக் காக்கும் பொருள், கட்டியையும் சேர்த்தே காத்துவிடுகிறதோ என்ற சந்தேகம் நியாயமானது. அன்பாக வாங்கிக் கொடுத்ததாயினும், அந்தப் புட்டியை மருத்துவரிடம் காட்டாமல் திறக்க வேண்டாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு, நாள் தவறுவது. ஆறு, ஏழு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள். கட்டியின் அணுக்கள் விடுமுறை எடுப்பதில்லை. இடைவெளி விழுந்தால் அவை மீண்டும் பெருகும். சிகிச்சை ஒரு நாள் நீண்டால் கட்டி அடங்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்று குறைகிறது என்பது மருத்துவர்களின் கணக்கு. ஊசியின் பலன் ஆறேழு. ஒரு வாரம் தவறினால் அதில் பெரும்பகுதி போய்விடும்.

சுங்கை காடுட்டிலிருந்து கோலாலம்பூருக்கோ, 2013 முதல் இயங்கும் புத்ராஜெயா தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்கோ தினமும் போய்வருவது எளிதல்ல. கொமுட்டர் ரயில் இருக்கிறது. ஆனால் வாய் புண்ணாகி, வாந்தியோடு வரும் தாயை ரயிலில் அழைத்து வர மகன் வேலைக்கு விடுப்பு எடுக்க வேண்டும். நான்காவது வாரத்தில்தான் பலர் தளர்ந்து நின்றுவிடுகிறார்கள். எனவே முதல் கதிருக்கு முன்பே குடும்பம் உட்கார்ந்து, எந்த நாள் யார் கூடப் போவது என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். போக்குவரத்துச் செலவுக்கும் தங்கும் இடத்துக்கும் அரசாங்க மருத்துவமனையின் சமூகநலப் பிரிவில் அன்றே விசாரிக்கலாம். கோயில் நிர்வாகத்திடம் வேன் இருந்தால் திருவிழாவுக்கு மட்டும்தான் ஓட வேண்டும் என்றில்லை. காய்ச்சல் வந்தாலோ, சாப்பிட முடியாவிட்டாலோ வீட்டில் இருந்துவிடாமல் அன்றே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொன்னால், தவறிய நாளை எப்படி ஈடுகட்டுவது என்று அவர்களே ஏற்பாடு செய்வார்கள்.