பரணில் ஒரு கோடரி

(கத்ரினா சூறாவளியின் இருபதாம் ஆண்டையொட்டி, தில்லியில் தமிழ்த் தோழர்களின் வாசிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'ஹரிக்கேன்' என்னும் சொல் நம் வீடுகளுக்குள் விளக்காகத்தான் வந்து சேர்ந்தது. காற்றில் அணையாத அரிக்கேன் விளக்கை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். கரீபியன் தீவுகளின் தொல்குடி மக்கள் பெருங்காற்றுக்கு வைத்த பெயரை ஸ்பானியர் எடுத்துக்கொண்டனர். அவர்களிடமிருந்து அது ஆங்கிலத்துக்குச் சென்றது. 2005 ஆகஸ்டு இறுதியில் நியூ ஆர்லியன்ஸ் நகரிலிருந்து வந்த செய்திகளை மொழிபெயர்க்க அமர்ந்தபோது, 'சூறாவளி' என்று எழுதிவிட்டு நான் தயக்கமின்றி மேலே சென்றேன். தயக்கம் வேறு இரண்டு சொற்களில் வந்தது.

செய்தி நிறுவனங்கள் இரண்டு, இரண்டு படங்களை வெளியிட்டிருந்தன. ஒன்றில், மார்பளவு வெள்ளத்தில் கறுப்பின இளைஞர் ஒருவர் உணவுப் பொருள்களுடன் நடந்து வருகிறார். அவர் கடையைக் 'கொள்ளையடித்து' வருவதாகக் குறிப்பு கூறியது. மற்றொன்றில், வெள்ளை நிறத்தவர் இருவர் அதே போன்ற வெள்ளத்தில் ரொட்டியுடன் வருகின்றனர். அவர்கள் கடையிலிருந்து அதைக் 'கண்டெடுத்து' வருவதாகக் குறிப்பு கூறியது. படமெடுத்தவர்கள் பின்னர் தத்தம் விளக்கத்தை அளித்தனர். நான் அவ்விளக்கங்களுக்குள் செல்லவில்லை. பசித்தவன் கையிலுள்ள ரொட்டிக்கு இரண்டு வினைச்சொற்கள் உண்டு என்பதை அன்றுதான் கண்டேன்.

இன்று நான் ஒரு குடும்பத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். அக்குடும்பத்துக்குப் பெயர் இல்லை. உயிர் தப்பியோர் அளித்த வாக்குமூலங்களிலும், அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் பதிவான சாட்சியங்களிலும், செய்தியேடுகளிலும் படித்தவற்றைத் திரட்டி ஒரே கூரையின்கீழ் வைத்திருக்கிறேன். இவையனைத்தும் ஒரு வீட்டிலேயே நிகழ்ந்தன என்று நான் கூறவில்லை. ஆனால், அந்நகரில் எவருக்கும் நேராத ஒன்றை இதில் சேர்க்கவுமில்லை.

நீரிழிவு நோயுள்ள ஒரு மூதாட்டி. அவருடைய மகள், அரசுப் பள்ளியில் உதவியாளர். மருமகன், சுற்றுலாப் பயணிகள் தங்கும் ஓட்டலின் சமையலறைத் தொழிலாளி. குழந்தைகள் இருவர். 'லோயர் நைன்த் வார்டு' எனப்படும் உழைப்பாளர் பகுதியில், மூதாட்டியின் தந்தை வாங்கிய மனையில் சொந்த வீடு. கறுப்பின ஏழைகள் வாடகைக் குடிகள் என்றே நாம் எண்ணுகிறோம்; அப்பகுதியிலோ பலர் சொந்த வீட்டுக்காரர்கள். பத்திரம் மட்டும் இறந்துபோன பெரியவரின் பெயரிலேயே இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

ஆகஸ்டு 28, ஞாயிற்றுக்கிழமை காலையில், அனைவரும் கட்டாயம் வெளியேற வேண்டும் என்று மேயர் ஆணையிட்டார். சூறாவளி கரையேற ஒரு நாள்கூட இல்லை. அந்நகரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் கார் கிடையாது. நம் குடும்பத்திடமும் கிடையாது. வேறொருவர் காரில் இடம் கிடைத்தாலும் பெட்ரோலுக்கும், வெளியூர் விடுதிக்கும் பணம் வேண்டும். அதுவோ மாதக் கடைசி. மூதாட்டியின் உதவித்தொகைக் காசோலை ஒன்றாம் தேதிதான் வரும். "போகச் சொன்னோம், அவர்கள் போகவில்லை" என்று பின்னாளில் தொலைக்காட்சியில் பலர் பேசினார்கள். சம்பள நாளை எண்ணிக் காத்திருக்கும் எந்தத் தொழிலாளிக்கும் இதில் விளங்காதது ஏதுமில்லை.

அவ்வீட்டின் பரணில் ஒரு கோடரி இருந்தது. 1965 செப்டம்பரில் பெட்சி என்னும் சூறாவளி இதே பகுதியை மூழ்கடித்தது. தண்ணீர் ஏற ஏறப் பரணில் ஒண்டியவர்கள் கூரையைப் பிளக்க வழியின்றி உள்ளேயே இறந்தனர். அன்றுமுதல் பரணில் கோடரி வைத்துக்கொள்வது அங்கே வழக்கமாயிற்று. மூதாட்டியும் அப்படித்தான் வைத்திருந்தார். அதே 1965இல் மத்திய அரசும் ஓர் ஏற்பாட்டைச் செய்தது: நகரைச் சுற்றி வெள்ளத்தடுப்புக் கரைகளைக் கட்டும் பொறுப்பை இராணுவப் பொறியாளர் படைக்குச் சட்டத்தின் மூலம் அளித்தது. நாற்பது ஆண்டுகள் கழிந்தும் அப்பணி நிறைவுறவில்லை. கோடரி மட்டும் பரணில் தயாராக இருந்தது.

திங்கள் காலை 6 மணியளவில் கத்ரினா கரையேறியது. நகரின் மேல் நேராக வீசவில்லை. சற்றுக் கிழக்கே ஒதுங்கிச் சென்றது. காற்றோடு போயிருந்தால் அது ஓடு பறந்த கதையாக முடிந்திருக்கும். ஆனால், இண்டஸ்ட்ரியல் கால்வாயின் தடுப்புச் சுவர் உடைந்தது. கால்வாயில் நின்ற பெரும் சரக்குத் தெப்பம் ஒன்று உடைப்பின் வழியே வீடுகளின் மேல் வந்து அமர்ந்தது. நகரின் வேறிடங்களில், 17ஆவது தெருக் கால்வாய், லண்டன் அவென்யூ கால்வாய் ஆகியவற்றின் சுவர்களோ நீர் அவற்றின் தலையைத் தாண்டு முன்பே சரிந்தன. அடியில் இருந்த மண் இளகியது. ஊன்றிய இரும்புத் தகடுகள் போதிய ஆழத்துக்குச் செல்லவில்லை. வடிவமைப்பில் பிழை இருந்ததை 2006இல் பொறியாளர் படையே ஒப்புக்கொண்டது. நகரின் 80 சதவீதம் நீரில் மூழ்கியது. இதைத்தான் நாம் 'இயற்கைச் சீற்றம்' என்று மொழிபெயர்த்துவந்தோம். நானும் எழுதியிருக்கிறேன், மறைக்கவில்லை.

மருமகன் கூரையைப் பிளந்தார். ஐவரும் ஓட்டின் மேல் ஏறினர். முதலில் வந்தது அரசு அன்று, பக்கத்துத் தெருக்காரரின் மீன்பிடிப் படகு. கடலோரக் காவல்படையினர் ஹெலிகாப்டர்களிலும் படகுகளிலும் 33,000க்கும் மேற்பட்டோரை மீட்டனர் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த ஊழியர்களின் உழைப்பைக் குறைத்துப் பேசுவது நியாயமாகாது. ஆனால், லூசியானா மாநிலக் காவற்படையினரில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் அப்போது இராக்கில் இருந்தனர்.

குடும்பத்தைப் படகுக்காரர் மாநாட்டு மையத்தில் இறக்கிவிட்டார். அங்கே ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்தனர். உணவில்லை, குடிநீரில்லை, மருத்துவரில்லை. மூதாட்டிக்கு இன்சுலின் வேண்டும். சுவரோரம் சக்கர நாற்காலியில் போர்வை போர்த்தப்பட்டு ஒரு தாயின் உடல் இருந்த படத்தை உலகம் முழுதும் கண்டது. அந்த மையத்தில் மக்கள் இருப்பதே தமக்கு அன்றுதான் தெரியவந்தது என்று நெருக்கடி மேலாண்மை நிறுவனத்தின் தலைவர் செப்டம்பர் 1ஆம் தேதி தொலைக்காட்சியில் கூறினார். அதற்கு முந்தைய ஆண்டுதான், நியூ ஆர்லியன்ஸ் மூழ்கினால் என்ன செய்வது என்று அதே நிறுவனம் பணம் செலவிட்டு ஒத்திகை பார்த்திருந்தது.

நடந்தே வெளியேறலாம் என்று சிலர் மிசிசிப்பி ஆற்றுப் பாலத்தில் ஏறினர். அக்கரையிலுள்ள புறநகரின் போலீசார் துப்பாக்கியை வானை நோக்கிச் சுட்டு அவர்களைத் திருப்பி அனுப்பினர். செப்டம்பர் 4ஆம் தேதி டான்சிகர் பாலத்தில், ஆயுதமற்ற ஒரு குடும்பத்தினர் மீதும் வேறு சிலர் மீதும் நகரப் போலீசார் சுட்டதில் இருவர் இறந்தனர், நால்வர் காயமுற்றனர். படக்குறிப்பின் வினைச்சொல் எங்கே போய் முடியும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

பின்பு பேருந்துகள் வந்தன. எங்கே போகிறோம் என்று பலருக்குச் சொல்லப்படவில்லை. பெற்றோரும் பிள்ளைகளும் வெவ்வேறு வண்டிகளில் ஏற்றப்பட்டனர். காணாமற்போனோர் என்றும் பிரிந்தோர் என்றும் பதிவான குழந்தைகள் ஐயாயிரத்துக்கும் மேல். நம் குடும்பம் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில் இறங்கியது. ஊடகங்கள் அவர்களை 'அகதிகள்' என்றன. "நாங்கள் இந்நாட்டுக் குடிமக்கள்" என்று அவர்கள் சினந்தார்கள். அச்சினத்தைக் கண்டபின் நான் 'வெள்ளத்தால் இடம்பெயர்ந்தோர்' என்றே எழுதினேன். நீளமான தொடர்தான், பொறுத்துக்கொண்டார்கள்.

கத்ரினாவுக்கு ஓராண்டு முன்பு, 2004 செப்டம்பரில், ஐவான் என்னும் மிகக் கடுமையான சூறாவளி கியூபாவின் மேற்கு முனையை உரசிச் சென்றது. 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். ஒருவரும் இறக்கவில்லை. மறு ஆண்டு ஜூலையில் டென்னிஸ் தாக்கியபோது 16 பேர் இறந்தனர். ஆகவே மந்திரம் ஏதும் அங்கே இல்லை. அங்கே இருப்பது பட்டியல். எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் நடக்க இயலாத முதியவர், அவரை யார் தூக்கிச் செல்வது, எந்த வண்டியில் என்பதைத் தெருவிலுள்ள புரட்சிப் பாதுகாப்புக் குழுவும் குடும்ப மருத்துவரும் முன்கூட்டியே அறிந்திருக்கின்றனர். ஆண்டுதோறும் நாடு முழுதும் ஒத்திகை நடக்கிறது. தொலைக்காட்சிப் பெட்டியையும் குளிர்பதனப் பெட்டியையும்கூடப் பாதுகாப்பிடத்துக்குக் கொண்டுபோக வழி செய்கிறார்கள். பொருள் போய்விடுமே என்று வீட்டைவிட்டு நகராதவர்களின் மனத்தை அறிந்த ஏற்பாடு அது. கத்ரினாவுக்குப் பின், மருந்துப் பைகளுடன் 1,586 மருத்துவர்களை அனுப்ப கியூபா முன்வந்தது. ஹென்றி ரீவ் படைப்பிரிவு என்று அதற்குப் பெயர். கியூப விடுதலைக்காகப் போரிட்டு மாண்ட ஓர் அமெரிக்கரின் பெயர் அது. வாஷிங்டன் அவர்களை ஏற்கவில்லை. நம் விமானப்படையின் விமானம் ஒன்று தார்ப்பாய்களும் போர்வைகளுமாக 25 டன் பொருள்களுடன் ஆர்க்கன்சா மாநிலத்தில் இறங்கியது என்பதையும் இங்கே குறிப்பிடுகிறேன், பலர் மறந்திருப்பார்கள்.

கியூபா சிறிய நாடு, அங்கே முடியும் என்று தோழர்கள் சிலர் சொல்வதுண்டு. 1999 அக்டோபரில் ஒடிசாவில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தனர். 2013இல் பைலின் வந்தபோது, சுமார் பத்து லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். இறந்தோர் ஐம்பதுக்கும் குறைவு. அதே கடற்கரை, அதே ஏழை மக்கள். ஆனால், அங்கும் உயிர் தப்பியவர்கள் திரும்பிச் சென்றபோது பலருக்குக் குடிசை இல்லை.

நம் குடும்பத்தின் கதையிலும் வெள்ளம் வடிந்த பிறகுதான் நீண்ட பகுதி தொடங்குகிறது. மகளுக்கு வேலை போயிற்று: நகரின் பள்ளி ஊழியர்கள் ஏறத்தாழ 7,500 பேர் நீக்கப்பட்டனர். பள்ளிகள் சிதைந்ததைக் கல்வியை மாற்றியமைக்கும் வாய்ப்பாகக் காணுமாறு அந்த டிசம்பரில் மில்டன் ஃபிரீட்மன் எழுதினார். பின்னர் அப்பள்ளிகள் ஒவ்வொன்றாகத் தனி நிர்வாகங்களின் கைக்குச் சென்றன. மூதாட்டி மருந்து வாங்கிவந்த, 1736 முதல் ஏழைகளுக்கென நடந்துவந்த சாரிட்டி மருத்துவமனை மீண்டும் திறக்கப்படவில்லை. மருமகன் சீரமைப்பு வேலைக்குத் திரும்பலாம் என்றால், அரசு ஒப்பந்தப் பணிகளில் வட்டார நிலவரக் கூலியை உறுதிசெய்யும் சட்டத்தைச் செப்டம்பர் 8ஆம் தேதி அதிபர் புஷ் நிறுத்திவைத்தார். எதிர்ப்புக்குப் பின், நவம்பரில்தான் அது மீண்டும் நடைமுறைக்கு வந்தது. வெள்ளத்தில் பெரிதும் சேதமடையாத பொதுக் குடியிருப்புகள் உட்பட சுமார் 4,500 ஏழை வீடுகளை இடிக்கத் தீர்மானித்தார்கள்.

வீட்டைத் திரும்பக் கட்ட 'ரோடு ஹோம்' என்றொரு திட்டம் வந்தது. இழப்பீட்டைக் கட்டுமானச் செலவின்படியோ, புயலுக்கு முந்தைய சந்தை விலையின்படியோ, இவற்றில் எது குறைவோ அதன்படி கணக்கிட்டார்கள். ஒரே அளவுள்ள இரண்டு வீடுகளுக்குச் செங்கல்லும் மரமும் ஒரே விலைதான். ஆனால், வெள்ளையர் பகுதியின் வீட்டுக்குச் சந்தை விலை அதிகம், கறுப்பினத்தார் பகுதியின் வீட்டுக்குக் குறைவு. ஆகவே நம் குடும்பத்துக்குக் கிடைக்கவிருந்த தொகையில் பாதிச் சுவர்தான் எழும்பும். அதைப் பெறவும் பத்திரம் வேண்டும். முன்பு சொன்னேனே, அது இறந்துபோன பெரியவரின் பெயரில் இருந்தது. வாரிசுகள் நான்கு மாநிலங்களில் சிதறிக் கிடந்தனர். கணக்கிடும் முறை பாகுபாடானது என்று தொடுக்கப்பட்ட வழக்கு 2011இல் 6.2 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. அதற்குள் ஹூஸ்டனில் பிள்ளைகள் பள்ளிப் படிப்பில் பெரும்பகுதியை முடித்துவிட்டனர்.

இறந்தோர் எண்ணிக்கை நெடுங்காலம் 1,833 என்றே கூறப்பட்டது. 2023இல் தேசியச் சூறாவளி மையம் அதை 1,392 எனத் திருத்தியது. எண்ணுவதற்கே இத்தனை ஆண்டுகள். லோயர் நைன்த் வார்டில் 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது சுமார் 14,000 பேர் வாழ்ந்தனர். 2010இல் மூவாயிரத்துக்கும் குறைவு. திரும்பிச் சென்று பார்த்தவர்கள் எடுத்த படங்களில் தெருத்தெருவாகப் புல் மண்டிய மனைகளும், நடுவே வீடில்லாத வாயிற்படிகளும் தெரிகின்றன. சிமெண்டில் கட்டிய படிகளாதலால் அவற்றை வெள்ளம் கொண்டுபோகவில்லை.